குரலுக்கு எரிந்த விளக்கு

செத்துப் போனவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன? கேள்வி மிகப் பழையது. ஒவ்வொரு குலமும் ஒவ்வொரு தேசமும் தனக்குத் தெரிந்த விதத்தில் இதற்குப் பதில் சொல்லியிருக்கின்றன. நம்முடைய முன்னோர்கள் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டு, அவன் பேரும் பீடும் எழுதி வைத்தார்கள். வேறு தேசத்தார் கோபுரம் எழுப்பினார்கள், சிலை வைத்தார்கள், வருஷத்துக்கு ஒரு நாள் தலை குனிந்து இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். இவை எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. நினைவு என்பது அடக்கமானது, மௌனமானது, கல்லைப் போல் அசையாதது என்று எல்லோரும் நம்பியிருக்கிறோம்.

இந்த நம்பிக்கையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஒரு காரியம் மெக்ஸிகோ நகரத்தில் 2008-ஆம் ஆண்டில் நடந்தது. அங்கே ஒரு கலைஞர் செத்தவர்களுக்காகக் கல் நடவில்லை. ஒரு மெகாபோனைக் கொண்டுவந்து பொதுச் சதுக்கத்தில் வைத்தார். யார் வேண்டுமானாலும் வந்து அதில் பேசலாம். பேசினால் ஒரு பெரிய சர்ச்லைட் எரியும். பேச்சை நிறுத்தினால் அணைந்துவிடும். அவ்வளவுதான் ஏற்பாடு. கேட்கும்போது ஏதோ கண்காட்சி வேடிக்கை போலத் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தச் சதுக்கம் எது, அந்த வெளிச்சம் எதற்கு என்று விசாரித்துக்கொண்டு போகப் போக, தர்ம சாஸ்திரம் படித்தவர்களையே திணற அடிக்கும் சில கேள்விகள் அதற்குள் ஒளிந்திருப்பது தெரிந்தது. அவற்றை வாசகர்களோடு சேர்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ட்லாடெலோல்கோ என்று பெயர். வாய்க்குள் நுழையாத பெயர்தான். ஆனால் சரித்திரம் அந்த மண்ணுக்குள் நுழைந்த அளவு வேறு எங்கும் நுழைந்திருக்குமா என்பது சந்தேகமே. ஒரு காலத்தில் அஸ்டெக் மக்களின் பெரிய சந்தை கூடிய இடம் அது. 1521 ஆகஸ்டு 13-ஆம் தேதி, ஸ்பானியர்களை எதிர்த்து நின்ற கடைசி மன்னன் குவாட்டெமோக் பிடிபட்டதோடு அந்தச் சாம்ராஜ்யம் முடிந்தது. இடிந்த கோயிலின் கல்லை எடுத்து வென்றவர்கள் அங்கே ஒரு மாதா கோயில் கட்டினார்கள். 1960-களில் சர்க்கார் சுற்றிலும் அடுக்கு மாடிக் குடியிருப்புகளை எழுப்பிற்று. வெளிநாட்டு மந்திரி காரியாலயத்துக்கு உயரமாக ஒரு கட்டடமும் கட்டிற்று. அஸ்டெக் கோயிலின் இடிபாடு, ஸ்பானிய மாதா கோயில், புதுக்கால மாடி வீடுகள் மூன்றும் ஒரே பார்வையில் தெரிவதால் ‘மூன்று பண்பாடுகளின் சதுக்கம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயர் வைத்துச் சில வருஷங்களுக்குள்ளேயே அது வேறு ஒன்றுக்குப் பெயர் போன இடமாகிவிட்டது.

1968-ல் உலகம் முழுவதும் மாணவர்கள் கொதித்தெழுந்த கதை நமக்குத் தெரியும். மெக்ஸிகோவிலும் ஜூலை மாதம் தொடங்கிக் கிளர்ச்சி வளர்ந்தது. அக்டோபர் 12-ஆம் தேதி அங்கே ஒலிம்பிக் பந்தயம் தொடங்க வேண்டும். உலகமெல்லாம் வீட்டுக்கு விருந்து வருகிற சமயத்தில் பிள்ளைகள் வாசலில் நின்று கூச்சல் போட்டால் எந்தக் குடும்பத் தலைவனுக்குப் பிடிக்கும்? ஜனாதிபதி டியாஸ் ஓர்டாஸுக்கும் பிடிக்கவில்லை. மாணவர்கள் கலகக்காரர்கள், கூச்சல்காரர்கள் என்று சர்க்கார் தூற்றிற்று. அதற்கு அவர்கள் சொன்ன பதில் அபூர்வமானது. செப்டம்பர் 13-ஆம் தேதி ஆயிரமாயிரம் பேர் நகரத்தின் நடுவே ஒரு வார்த்தை பேசாமல் ஊர்வலம் போனார்கள். பலர் தங்கள் வாயைத் துணியாலும் ஒட்டுக் காகிதத்தாலும் தாங்களே கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மௌனத்துக்கும் மரியாதை கிடைக்கவில்லை. அக்டோபர் 2-ஆம் தேதி மாலை, ட்லாடெலோல்கோ சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடியிருந்தார்கள். மாணவர்கள் மட்டுமல்ல, அந்த மாடி வீடுகளில் குடியிருந்த குடும்பங்கள், குழந்தைகள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி முகப்பில் நின்று தலைவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டாளம் சதுக்கத்தைச் சூழ்ந்துகொண்டது. கூட்டத்துக்குள் சாதாரண உடையில், ஒரு கையில் மட்டும் வெள்ளை உறை அணிந்த சிப்பாய்கள் கலந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள அந்த உறை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சற்றுப் பின், வானத்தில் வெளிச்ச வாணங்கள் தோன்றின. அதுதான் சமிக்ஞை. உடனே துப்பாக்கிகள் வெடித்தன.

இந்த ஒன்றை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சதுக்கத்து ஜனங்களுக்கு வானத்து வெளிச்சம் என்றால் கார்த்திகைத் தீபமல்ல; சாவுக்கு முன்னால் காட்டிய விளக்கு.

எத்தனை பேர் இறந்தார்கள்? சர்க்கார் முதலில் இருபது முப்பது என்றது. முந்நூறு என்று வேறு பலர் சொன்னார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு, பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிய ஆராய்ச்சியாளர்கள் எழுத்துச் சான்றோடு உறுதி செய்ய முடிந்தது 44 பேரை; அதில் 10 பேருக்குப் பெயர்கூடக் கிடையாது. மாணவர்கள்தான் முதலில் சுட்டார்கள் என்று அன்று சர்க்கார் சாதித்தது. சர்க்கார் தரப்பு ஆட்களே சுற்றியிருந்த கட்டடங்களிலிருந்து சுட்டார்கள் என்பதைப் பிற்காலத்தில் வெளிவந்த தஸ்தாவேஜுகள் காட்டின. பத்து நாள் கழித்து ஒலிம்பிக் பந்தயம் குறித்த தேதியில் கோலாகலமாகத் தொடங்கிற்று.

அப்போது மெக்ஸிகோவின் ஸ்தானிகராக நம்முடைய டில்லியில் இருந்தவர் கவிஞர் ஆக்டேவியோ பாஸ். செய்தி எட்டியதும் அவர் தம் பதவியை விட்டு விலகினார். பின்னாளில், 1990-ல், நோபல் பரிசு பெற்றவர் அவர். எழுத்தாளர் எலினா போனியாடோவ்ஸ்கா பிழைத்தவர்களையும் பெற்றவர்களையும் தேடிப் போய், அவர்கள் சொன்னதைத் தொகுத்து 1971-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். பதவியில் இருந்தவர்கள் பேசாத இடத்தில் எழுதுகிறவர்கள் பேசினார்கள் என்பதைச் சொல்லிக்கொள்வதில், எழுதிப் பிழைக்கிற எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு. சதுக்கத்தில் ஒரு நினைவுக் கல் நாட்டப்பட்டது 1993-ல்தான். இருபத்தைந்து வருஷங்கள் கழித்து. அதில் பொறித்த பெயர்கள் இருபது.

இந்தப் பின்னணியில்தான் 2008-ல், நாற்பதாம் ஆண்டு நினைவுக்காக, ரஃபேல் லொஸானோ ஹெம்மர் என்ற கலைஞர் வந்தார். அவர் மெக்ஸிகோ நகரத்திலேயே 1967 கடைசியில் பிறந்து, பிறகு கனடாவில் வாழ்கிறவர். அதாவது, அந்தச் சம்பவம் நடந்தபோது அவருக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. நினைத்துப் பார்க்க அவருக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. ரசாயன சாஸ்திரம் படித்துவிட்டுக் கலைக்கு வந்தவர். வர்ணமும் தூரிகையும் அவர் கருவிகள் அல்ல. விளக்கும் கம்ப்யூட்டரும் வழியோடு போகிற ஜனங்களுமே அவர் கருவிகள். 1999 டிசம்பர் கடைசியில், புது ஆயிரத்தாண்டை வரவேற்பதற்காக, அதே நகரத்தின் பெரிய சதுக்கத்தைச் சுற்றி 18 சர்ச்லைட்டுகளை நிறுத்தி, அவற்றை எப்படித் திருப்ப வேண்டும் என்பதை இண்டர்நெட் மூலம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் தீர்மானிக்கலாம் என்று விட்டவர் அவர். 89 தேசங்களிலிருந்து எட்டு லட்சம் பேர் கலந்துகொண்டதாகக் கணக்கு.

ட்லாடெலோல்கோவில் அவர் செய்ததற்கு ‘வோஸ் ஆல்டா’ என்று பெயர். உரத்த குரல் என்று பொருள். 10 கிலோவாட் சர்ச்லைட் ஒன்று. நம் வீட்டு 60 வாட் பல்புகள் நூற்றறுபதுக்கு மேல் ஒன்றாகக் கட்டியது போல வைத்துக்கொள்ளுங்கள். மெகாபோனில் பேசுகிறவரின் குரல் உயர்ந்தால் வெளிச்சம் கூடும்; தாழ்ந்தால் மங்கும்; நின்றால் அணையும். அந்த ஒளி நேராக எதிரே இருந்த உயர்ந்த கட்டடத்தின் உச்சிக்குப் போகும். எந்தக் கட்டடம்? முன்பு வெளிநாட்டு மந்திரி காரியாலயமாக இருந்து, 2007 முதல் சர்வகலாசாலையின் கலாசார நிலையமாக மாறிவிட்ட அதே கட்டடம். அங்கிருந்து இன்னும் மூன்று சர்ச்லைட்டுகள் அதை வாங்கி மூன்று திசைகளில் அனுப்பும்: ஒன்று குவாடலூப் மாதா கோயிலை நோக்கி, ஒன்று நகரத்தின் பெரிய சதுக்கத்தை நோக்கி, ஒன்று புரட்சியின் நினைவு மண்டபத்தை நோக்கி. பக்தி, அதிகாரம், புரட்சி என்று மூன்று திசைகள். வானம் தெளிவாக இருந்தால் 15 கிலோமீட்டர் தூரம் வரை அந்த ஒளி தெரியும்.

தூரத்தில் இருப்பவனுக்கு வெளிச்சம் துடிப்பது தெரியும். என்ன பேச்சு என்பது தெரியாது. தெரிய வேண்டுமானால் ரேடியோவைத் திருப்ப வேண்டும். சர்வகலாசாலையின் ரேடியோ நிலையம் அந்தப் பேச்சை அப்படியே ஒலிபரப்பிற்று. மெகாபோனில் யாரும் பேசாத நேரத்தில் பிழைத்தவர்கள் சொன்ன சாட்சியங்கள், அறிஞர்களின் பேட்டிகள், 1968-ஆம் வருஷத்துச் சங்கீதம் ஆகியவற்றின் பழைய ஒலிப்பதிவுகள் ஒலிக்கும். அவற்றுக்கும் விளக்கு துடிக்கும். உயிரோடிருப்பவர்கள் வாய் மூடினால் கடந்த காலம் பேசத் தொடங்கும்.

முக்கியமானது ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த மெகாபோனுக்குத் தணிக்கை கிடையாது. யார் பேசலாம், என்ன பேசலாம் என்று கேட்க யாரும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் பேசினார்கள். அன்று பிழைத்தவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். சிலர் அப்போதே கட்டிய கவிதைகளைச் சொன்னார்கள். சிலர் இன்றைய அநியாயங்களுக்காகக் கிளர்ச்சிக்கு அழைத்தார்கள். அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் சும்மா ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர், ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா?’ என்று அந்த மெகாபோனிலேயே கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கும் என் வீட்டுக்கு அடிக்கடி வருகிற ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கும் வாக்குவாதம் வந்தது. அவர் பழைய சிந்தனைக்காரர் அல்ல. காந்திஜியையும் படித்தவர், மார்க்ஸையும் படித்தவர். மற்றதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கல்யாணப் பேச்சு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தம்பி, இது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகள் துடிதுடித்துச் செத்த தரை. பெற்றவள் யாராவது அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? துக்க வாசலில் நின்று கல்யாணம் பேசுகிறதா? சுதந்திரம் என்றால் இங்கிதமே வேண்டாமா?”

நான் பதில் சொல்வதற்கு முன், உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அத்தை முந்திக்கொண்டாள்.

“ஏன் வாத்தியாரையா, நம்ம பக்கத்திலே மட்டும் என்னவாம்? பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் பங்காளிங்க எண்ணெய் தேய்ச்சு முழுகுறதில்லையா? வருஷத்துக்குள்ளே வீட்டிலே ஒரு நல்ல காரியம் நடக்கணும்னு சொல்லுறதில்லையா? எங்க மாமனார் போன ஏழாம் மாசம்தானே எங்க நாத்தனாருக்கு முடிச்சோம். அழுதுக்கிட்டே இருந்தா வீடு விளங்குமா?”

தலைமையாசிரியர் லேசில் விடுகிறவர் அல்ல. “நீங்கள் சொல்கிறது சரிதானம்மா. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு என்று. அங்கே காரியம் எங்கே முடிந்தது? செத்தவர் எத்தனை என்கிற கணக்கே இல்லை. சுட்டவனுக்குத் தண்டனை இல்லை. காரியம் முடியாத வீட்டில் எண்ணெய் முழுக்கு உண்டா?”

அத்தை பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை.

காரியம் முடியவில்லை என்று அவர் சொன்னது எவ்வளவு உண்மை! சம்பவம் நடந்தபோது உள்நாட்டு மந்திரியாக இருந்த எச்செவெர்ரியா அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஜனாதிபதியானார். வெகு காலம் கழித்து, தள்ளாத வயதில், அவர் மேல் இனக்கொலைக் குற்றம் சாட்டினார்கள். 2009-ல் அந்த வழக்கும் தள்ளுபடியாயிற்று. நூறு வயது வாழ்ந்து 2022-ல் அவர் காலமானார். கணக்குத் தீரவில்லை, ஏடு மூடப்படவில்லை. அப்படியிருக்க அந்தச் சதுக்கத்தில் சிரிப்பதற்கும் காதல் பேசுவதற்கும் யாருக்கு அதிகாரம்?

இதற்குப் பதில் தேடும்போது நாம் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தச் சதுக்கம் மயானம் அல்ல, குடியிருப்பு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே சமைக்கிறார்கள், துணி உலர்த்துகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். 1521-ல் ஒரு சாம்ராஜ்யம் அங்கே விழுந்தது. 1968-ல் பிள்ளைகள் விழுந்தார்கள். 1985 செப்டம்பர் 19-ஆம் தேதி பூகம்பத்தில் அங்கே ஒரு பெரிய மாடிக் கட்டடமே சாய்ந்து நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ஒவ்வொரு துக்கமும் ‘இனி இங்கே சிரிக்காதே’ என்று ஆணையிட்டால், அந்த ஊரில் மனிதன் குடியிருக்கவே முடியாது. ரத்தம் விழாத மண் உலகத்தில் எங்கே இருக்கிறது? பழைய யுத்தகளங்களில் எல்லாம் நெல்லும் கேழ்வரகும் விளைந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே, அங்கே பிறந்து வளர்ந்த ஒரு வாலிபன் தன் வாசலில் நின்று தன் காதலியிடம் பேசுகிறான் என்றால் அவனை அந்நியன் என்று விலக்க முடியாது. அவனும் அந்த வீட்டுக்காரன்தான். ஆனால் இதோடு அவனை விட்டுவிடவும் எனக்குச் சம்மதமில்லை. தெரிந்து சிரிப்பதற்கும் தெரியாமல் சிரிப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. இழவு நடந்த வீடு என்று தெரிந்து, வீட்டாரின் அழுகையைக் கேட்டு, அதன் பிறகும் வாழ்க்கையைத் தொடங்குகிறவன் அந்த வீட்டைக் காப்பாற்றுகிறவன். ஒன்றும் தெரியாமல் வாசலில் வாணம் கொளுத்துகிறவன் வழிப்போக்கன். செயல் ஒன்றுதான், செய்கிறவன் வேறு. அந்த மெகாபோனுக்கு முன்னால் ஒருவன் வந்து நிற்கும்போது, அவனுக்கு முன்னால் பேசியவரின் வார்த்தை அவன் காதில் விழுந்திருக்கும். யாருமே பேசாவிட்டால் பழைய ஒலிப்பதிவு விழுந்திருக்கும். கேட்ட பிறகுதான் அவன் வாய் திறக்கிறான். அவனைத் தெரிந்தவனாக்குவதற்கு ஒரு கலைஞனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மிச்சம் அவன் மனச்சாட்சியின் பாடு.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். ‘மரியாதையாகப் பேசுகிறவர்கள் மட்டும் பேசலாம்’ என்று அங்கே ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எது மரியாதை என்று யார் தீர்மானிப்பது? மாணவர்களைப் பார்த்து 1968-ல் சர்க்கார் சொன்னதும் அதுதானே? தேசத்தின் மரியாதையைக் கெடுக்கிறார்கள், விருந்தாளி வருகிற சமயத்தில் இங்கிதம் இல்லாமல் கத்துகிறார்கள் என்பதுதானே குற்றச்சாட்டு? வாயைத் தாங்களே கட்டிக்கொண்டு ஊர்வலம் போனவர்களுடைய நினைவு நாளில், மற்றவர்கள் வாயில் நாம் ஒரு துணியைக் கட்டுவது எப்படிப் பொருந்தும்? அவர்கள் எதற்காக நின்றார்களோ, அதை அவர்கள் பெயராலேயே மறுப்பதாகும் அது.

அப்படியானால் தலைமையாசிரியர் கேட்ட இங்கிதம் என்ன ஆயிற்று? இங்கிதம் வேண்டும். ஆனால் சட்டம் தடுக்க வேண்டியது வேறு, மனசு தடுக்க வேண்டியது வேறு. தடுக்கக் கூடாத காரியங்கள் எல்லாம் செய்யத் தக்க காரியங்கள் ஆகிவிடுவதில்லை. நம் வீடுகளிலேயே பாருங்கள். பெரியவர்கள் முன் கால் மேல் கால் போடக் கூடாது என்று பீனல் கோடில் இல்லை. எழுதாத அந்த விதிகளால்தான் வாழ்க்கையில் பெரும் பகுதி நடக்கிறது. கூச்சம் என்று ஒன்று இருக்கிறதே, அது போலீஸ்காரன் போக முடியாத இடத்துக்கும் போகும். மெகாபோனைத் திறந்து வைத்த கலைஞர் ஜனங்களின் கூச்சத்தை நம்பினார். நம்பிக்கையை ஒன்றிரண்டு பேர் கெடுத்திருக்கலாம். கெடாமல் இருக்க ஒரே வழி யாரையும் நம்பாமல் இருப்பது. அந்த வழியில் போன ஆட்சிகளை நாம் பார்த்திருக்கிறோம்.

வெளிச்சத்தைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சர்ச்லைட் என்பது யுத்தத்தில் பிறந்த சாதனம். ஜெர்மனியில் ஹிட்லரின் கட்டடச் சிற்பி ஸ்பீயர், 1930-களில் நூரம்பெர்க் நகரத்துக் கட்சி மாநாடுகளில், ஆகாய விமானங்களைத் தேடுகிற சர்ச்லைட்டுகள் நூற்றுக்கு மேல் நட்டு, வானத்தில் ஒளித் தூண்களால் ஓர் ஆலயமே எழுப்பிக் காட்டினான். பார்த்தவர்கள் மெய்சிலிர்த்தார்கள். அந்த ஒளிக்குக் கீழே மனிதன் எறும்பானான். அவன் பேசத் தேவையில்லை. அண்ணாந்து பார்த்துக் கோஷம் போட்டால் போதும். அதே மாதிரி விளக்குதான் ட்லாடெலோல்கோவிலும் வானத்தைத் தொட்டது. ஆனால் அங்கே விளக்கின் விசை ஒரு தலைவன் கையில் இல்லை. மெகாபோனைப் பிடித்த கிழவியின் தொண்டையில் இருந்தது. கலையின் ஒழுக்கத்தைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம். விசை யார் கையில் என்ற கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதி விளங்கிவிடுகிறது.

குறை இல்லாத ஏற்பாடா அது? இல்லை. மிகப் பெரிய குறை ஒன்று அதற்குள்ளேயே இருந்தது. குரல் உயர்ந்தால் வெளிச்சம் கூடும் என்றேன். அதாவது, அந்த இயந்திரத்துக்குச் சத்தம் தெரியும், சத்தியம் தெரியாது. கூச்சல் போட்டவனுக்கு வானம் முழுவதும் விளக்கு. மகனைப் பறிகொடுத்துத் தொண்டை அடைத்து முணுமுணுக்கிறவளுக்கு மின்மினி வெளிச்சம். உலகமும் அப்படித்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் உலகத்தின் குறையைக் கலை அப்படியே பிரதி எடுப்பது போதுமா?

இந்தக் குறைக்கு அந்த ஏற்பாட்டிலேயே ஒரு பரிகாரமும் இருந்தது. அதுதான் ரேடியோ. பல மைலுக்கு அப்பால் மொட்டை மாடியில் நிற்கிறவன் வெளிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டுப் படுக்கப் போகலாம். அழகாயிருந்தது என்று மறுநாள் சொல்லவும் செய்யலாம். அல்லது, இது ஏன் துடிக்கிறது என்று கேட்டு, எழுந்து போய் ரேடியோவைத் திருப்பலாம். திருப்பினால், மங்கலாகத் தெரிந்த அந்த ஒளிதான் அன்றைய இரவின் மிகக் கனமான வார்த்தை என்று அவனுக்குத் தெரியவரும். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் நடுவே அந்தச் சிறிய சிரமம் இருக்கிறது. மற்றவர் துக்கத்தைப் பார்த்து நெகிழ்வது சுலபம். எழுந்து போய்க் கேட்பதுதான் கடினம். தர்மம் என்று நாம் சொல்வதெல்லாம் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்தான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சில இரவுகளில் அந்த ஏற்பாடு முடிந்தது. விளக்குகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நினைவுக் கல் அங்கேயே இருக்கிறது. ‘கடைசியில் நிலைத்தது கல்தானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கல்லை நான் குறை சொல்லவில்லை. கல் மறக்காது; மனம் மாறாது; மழையிலும் வெயிலிலும் அந்த இருபது பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் கல்லுக்கு ஒரு சுபாவம் உண்டு. நமக்குப் பதிலாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நாம் நிம்மதியாக மறந்துவிடலாம். ஊர் நடுவில் நிற்கிற சிலைகளின் பீடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தினமும் அதைக் கடந்து போகிறவரைக் கேட்டுப் பாருங்கள். விளக்கு அப்படியல்ல. நீ பேசினால்தான் எரிவேன் என்றது. உன் மூச்சு இருக்கிறவரைதான் என் வெளிச்சம் என்றது. வீட்டில் ஏற்றுகிற அகல் விளக்குக்கும் அதே நியாயம்தான். நேற்று ஊற்றிய எண்ணெய் இன்றைக்கு எரியாது.

நினைப்பது கடந்த காலத்துச் சமாசாரம், ஆபத்தில்லாத காரியம் என்று யாராவது எண்ணினால், அவர்களுக்கு இன்னொரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. 2014 செப்டம்பர் 26-ஆம் தேதி இரவு, மெக்ஸிகோவின் அயோட்ஸினாபா என்ற ஊர் கிராமாந்தர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள், இகுவாலா என்ற நகரத்தில் பஸ்களைக் கைப்பற்றிக்கொண்டிருந்தார்கள். எதற்கு? தலைநகரத்தில் அக்டோபர் 2-ஆம் தேதி நடக்கும் நினைவு ஊர்வலத்துக்குப் போக. வழியில் போலீஸார் மறித்துச் சுட்டார்கள், பிடித்துக்கொண்டு போனார்கள். 43 மாணவர்கள் காணாமற் போனார்கள். பிற்பாடு மிகச் சிலருடைய எலும்புத் துண்டுகள் மட்டும் அடையாளம் காணப்பட்டன. செத்தவர்களை நினைக்கப் புறப்பட்ட பிள்ளைகள் தாங்களே நினைக்கப்பட வேண்டியவர்கள் ஆனார்கள்.

இதைப் படித்த அன்று தலைமையாசிரியரின் கேள்வி முன்னைவிடக் கூர்மையாக என்னைத் தைத்தது. காரியம் முடியாத வீடு என்றாரே, மெய்தான். ஒளியால் நீதி வரவில்லை. நூறு சர்ச்லைட் எரிந்தாலும் ஒரு நீதிபதி எழுத வேண்டிய ஒரு வரிக்கு அது ஈடாகாது. அந்தக் கலைஞரும் அப்படி ஈடு கட்டிவிட்டதாக யாரும் நினைக்கக் கூடாது. நினைவு நீதி அல்ல. ஆனால் நினைவு செத்த ஊரில் நீதிக்காக வழக்குப் போட ஆள் இருக்க மாட்டான். பதினாறாம் நாள் காரியம் செய்யவே, இறந்தவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும் அல்லவா? மெகாபோனுக்கு முன் நின்று ஒரு பெயரை உரக்கச் சொன்னவர்கள் காரியத்தை முடிக்கவில்லை. முடியவில்லை என்பதை ஊரறியச் சொன்னார்கள். மூடி வைப்பதற்கு நேர் எதிரான செயல் அது.

ஆகவே தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய பதில் இவ்வளவுதான். இறந்தவர்களுக்கு நாம் பட்ட கடன் மௌனம் அல்ல, அழகும் அல்ல. அவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்வதும், தெரிந்ததைத் தெரியாதவன் காதில் போடுவதும், அவர்கள் நின்ற தரையில் அடுத்தவன் பேச வரும்போது நகர்ந்து இடம் கொடுப்பதும்தான் அந்தக் கடன். அடுத்தவன் அங்கே அழுதாலும் சரி, கல்யாணம் பேசினாலும் சரி. தலைமையாசிரியர் இதை ஏற்றுக்கொள்வாரா என்பது சந்தேகம். அடுத்த தடவை வரும்போது அவருக்குச் சொல்ல இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது: அங்கே பேசிய அத்தனை பேரிலும், ‘இங்கே ஒன்றும் நடக்கவில்லை’ என்று சாதித்த பழைய ஆட்சியின் குரலைவிட ஆபாசமான குரல் வேறு இருந்திருக்க முடியாது.